பீரில் வெண்ணெய் வாசம் வருவது ஏன்?

தக்கலையிலிருந்து மெல்போர்னுக்கு வேலைக்குப் போன வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே வீட்டில் பீர் தயாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் அது குற்றம். கிட் வாங்கி, டப்பாவில் போட்டிருந்தபடியே செய்து, குமிழி அடங்கியதும் 5ஆம் நாளே பாட்டிலில் அடைத்தாராம். குளிர்காலம், வாளி இருந்ததோ கார் ஷெட்டில். திறந்தால் வெண்ணெய் வாசம். "சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அக்கானி (பனஞ்சாறு) விடிவதற்குள் கள்ளாகிவிடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?" என்கிறார்.

சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுவது பள்ளியில் படித்ததுதான். அந்த வேலை சீக்கிரமே முடிந்துவிடும். வாசம் வருவது வேறு வழியில்.

ஈஸ்ட் பெருக வேண்டுமானால் புரதம் வேண்டும். அதற்கு வேலின் என்ற அமினோ அமிலம் வேண்டும். அதைச் செய்யும்போது பாதி வழியில் உருவாகும் அசிட்டோலாக்டேட் என்ற பொருள் கொஞ்சம் செல்லைவிட்டு வெளியே கசிகிறது. அதற்கு வாசமே கிடையாது. ஆனால் வெளியே வந்தபின், எந்த நொதியின் உதவியும் இல்லாமல், தானாகவே மெல்ல மெல்ல டையசிட்டைலாக மாறுகிறது. வெண்ணெய்க்கு அதன் மணத்தைத் தருவதும் இதே டையசிட்டைல்தான். பீரில் ஒரு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே பலருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். சர்க்கரை தீர்ந்த ஈஸ்ட், அந்த டையசிட்டைலைத் திரும்ப உள்ளே இழுத்து, முதலில் அசிட்டோயினாகவும் பிறகு பியூட்டேன்டையாலாகவும் மாற்றிவிடுகிறது. இவற்றை நம் நாக்கு ஏறக்குறைய உணர்வதே இல்லை. ஈஸ்ட் இழுத்துக்கொள்வது வேகமாக நடக்கும். தாமதமெல்லாம் அதற்கு முந்தைய தானாக மாறும் படியில்தான். குளிரில் அது இன்னும் மந்தமாகும். இவர் அவசரப்பட்டு அடைத்ததால், பெரும்பாலான ஈஸ்ட் வாளியின் அடியிலேயே தங்கிவிட்டது. பாட்டிலுக்குள் டையசிட்டைல் உருவாகிறது, அதை எடுத்துக்கொள்ளப் போதுமான ஈஸ்ட் இல்லை.

கள் விஷயம் வேறு. அதில் ஈஸ்டோடு பாக்டீரியாக்களும் சேர்ந்து உழைக்கின்றன, புளிப்பும் அதன் ருசியில் சேர்த்தி, அன்றன்றே குடித்தும் விடுவார்கள். பனையேறிகள் தலைமுறையாகக் கையாளும் இந்த நுண்ணுயிர்களை ஆராய அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கள்ளுக்குத் தடை இருப்பதால் அக்கானியின் அறிவியலும் கவனிப்பாரற்றுக் கிடப்பது நியாயமில்லை.

சரி, அடுத்த முறை என்ன செய்யலாம்? குமிழி அடங்கும் நேரத்தில் வாளியை 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் அறைக்கு மாற்றி, இன்னும் சில நாள் விட்டுவையுங்கள். சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று அடர்த்தியை வைத்துக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் அளவு இறங்காமல் நின்றுவிட்டது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு சிறு குப்பிகளில் பீர் எடுத்து, ஒன்றை மூடி 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறியதும் இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாசம் வந்தால் அசிட்டோலாக்டேட் இன்னும் மிச்சம் இருக்கிறது, காத்திருக்க வேண்டும். இரண்டிலும் வராவிட்டால் அடைக்கலாம். வாசத்தோடு புளிப்பும் நாளுக்கு நாள் ஏறினால் அது பாக்டீரியாவின் வேலை. அதைக் கொட்டிவிட்டு, வாளி, குழாய், மூடி எல்லாவற்றையும் கழுவிக் கிருமிநாசினி போட வேண்டியதுதான்.