கரும்பூஞ்சை அன்று, பூசணம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலை பெருகியதிலிருந்து ஒரு சொல் ஊர் ஊராகச் சுற்றுகிறது: 'கரும்பூஞ்சை'. மழை விட்டபின் பட்டாலைச் சுவரில் நாலு கறுப்புப் புள்ளி தெரிந்தால் போதும். பெயிண்ட் விற்பவர், மருந்தடிக்க வருபவர், சென்னையிலிருந்து வந்து இறங்கிய பேரன் என்று ஆளாளுக்கு 'வீட்டில் கரும்பூஞ்சை பிடித்துவிட்டது' என்கிறார்கள். கைப்பேசியில் தேடினால் இன்னும் மோசம். 'அச்சு நோய்க்கு உதவி பெறுவது எப்படி', 'உங்கள் வீட்டை அச்சுக்காகச் சோதியுங்கள்' என்று வருகிறது. இரண்டும் தவறு. ஆனால் 'அச்சு' வெறும் பிழை. 'கரும்பூஞ்சை' கேடு செய்கிற பிழை.

அச்சை முதலில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'மோல்ட்' என்ற ஒரே ஒலியில் வெவ்வேறு வேர்கொண்ட சொற்கள் இருக்கின்றன. வார்ப்பு அச்சைக் குறிப்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஈரத்தில் படர்வதைக் குறிப்பது வட ஐரோப்பிய மொழிகளோடு உறவுடையது. மொழிபெயர்க்கும் எந்திரம் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவது நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்திவிடுகிறது. அச்சு முறுக்கு சுடுகிற ஊரில் அச்சு என்றால் என்னவென்று குழந்தைக்கும் தெரியும். எந்திரம் தந்ததை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் மருத்துவக் குறிப்பு என்று வெளியிடுகிறவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

நமக்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது. பூசணம், பூஞ்சணம் என்றும் வழங்கும். ஊறுகாய் ஜாடியின் மேலாக வெள்ளையாகப் படர்வது, நாள்பட்ட ரொட்டியில் பச்சையாகப் பிடிப்பது, அடைத்த அறையில் தோல் செருப்பின் மேல் சாம்பல் நிறமாக ஏறுவது எல்லாம் பூசணம். அது 'பூக்கும்' என்றே சொல்கிறோம். மலர்வது மட்டுமா பூத்தல்? ஒரு பரப்பின் மேல் மெல்லியதாக ஒன்று படிவதும் பூத்தல்தான். நீறு பூத்த நெருப்பு, உப்புப் பூத்த சுவர், பார்த்துப் பார்த்துப் பூத்துப்போன கண் என்று எத்தனை வழக்குகள். பூசணத்தையும் அந்தக் குடும்பத்தில் சேர்த்துப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பூஞ்சை என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை. பாடநூல்கள் அதை ஓர் உயிரினப் பெரும்பிரிவுக்கே பெயராக வைத்துவிட்டன. காளான், ஈஸ்ட், பூசணம் மூன்றும் அதற்குள் அடங்கும். வகுப்பறையில் அது இருக்கட்டும். ஆனால் பேச்சில் பூஞ்சை என்றால் மெலிந்தது, வலுவற்றது. 'பிள்ளை பூஞ்சையாக இருக்கிறான்' என்று ஆச்சிமார் சொன்னால் அவனுக்குச் சோறு போதவில்லை என்று பொருள். அவர்களிடம் போய் வீட்டில் பூஞ்சை என்றால் சுவர் மெலிந்துவிட்டதா என்றுதான் நினைப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த பூசணத்தைச் சொல்ல நமக்கு என்ன தயக்கம்?

இனி 'கரும்பூஞ்சை'. இதை ஆதரிப்பவர்கள் சொல்வது, ஆங்கிலத்தில் கறுப்பு மோல்ட் என்கிறார்கள், அதற்கு நேரான தமிழ் இது என்பதுதான். நேர் என்பது எதற்கு நேர்? தமிழ் படிப்பவர் மனத்தில் இந்தச் சொல் 2021-ஆம் ஆண்டை எழுப்புகிறது. கொரோனா இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' என்று நாளிதழ்கள் எழுதியது மியூகோர்மைகோசிஸ் நோயை. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. கண் எடுக்கப்பட்டவர்கள், மேல்தாடையை இழந்தவர்கள், உயிரை விட்டவர்கள் நம் உறவினர்களிலேயே உண்டு. அந்த நோய் கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்து உடலைத் தளர்த்தியவர்களைத் தாக்கியது. அதற்குக் காரணமான இனத்தின் வித்துகள் மண்ணிலும் மக்கும் பொருள்களிலும் எங்கும் இருக்கின்றன. பெயரில் வந்த கறுப்பு அந்த உயிரியின் நிறமே இல்லை. இரத்த ஓட்டம் அறுந்து செத்துப்போன திசுவின் நிறம்.

சுவரில் தெரியும் கறுப்பின் கதையே வேறு. அமெரிக்கர்கள் அஞ்சுகிற ஸ்டாக்கிபோட்ரிஸ் ஒரு பூசணம். கிளாடோஸ்போரியம் இன்னொன்று. ஆஸ்பெர்கில்லஸ் நைஜர் மற்றொன்று. மூன்றுமே கறுப்பாகத்தான் தெரியும். வெங்காயம் உரிக்கும்போது மேல்தோலுக்கு அடியில் விரலில் ஒட்டுகிற கரித்தூள் பெரும்பாலும் அந்த நைஜர்தான். நம் அடுக்களையில் தினமும் கழுவிக் கொட்டுவது. நிறத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. இனத்தை வைத்து இன்ன நோய் வரும் என்றும் சொல்லிவிட முடியாது. 'நச்சுப் பூஞ்சை' என்று இன்னொரு படி ஏற்றி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். சில பூசணங்கள் சில நிலைகளில் நச்சுப்பொருளை உண்டாக்கும் என்பது உண்மை. அதனால் பூசணமே நஞ்சு என்பது பெயர் சூட்டியவர் சேர்த்துக்கொண்டது.

இந்தப் பெயரால் நடப்பதைப் பாருங்கள். அஞ்சியவர் அறுவை செய்யும் பெரிய மருத்துவமனையைத் தேடி மதுரைக்கு ஓடுகிறார். அல்லது சிறுநீரில் பூஞ்சை நஞ்சு பார்க்கிறோம் என்ற விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறார். அப்படிச் சிறுநீரில் பார்க்கும் சோதனை எதற்கும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லை. சுவர் மட்டும் அப்படியே நனைந்துகொண்டிருக்கிறது.

பூசணம் என்று சொல்லிப் பார்த்தால் வழி தானாகத் தெரியும். ஈரம் இருந்தால்தான் பூசணம் பூக்கும் என்பது அந்தச் சொல்லைப் புழங்குகிற எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பூசணத்தால் உடம்புக்கு வருவது பெரும்பாலும் ஒவ்வாமை: தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு, இருமல். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பு கூடும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் நுரையீரலுக்குள்ளேயே தொற்றலாம். அவர்கள் தாமதிக்கக் கூடாது. மற்றவர்கள் போகவேண்டியது நுரையீரல் மருத்துவரிடமோ ஒவ்வாமை பார்க்கும் மருத்துவரிடமோ. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ இரத்தச் சோதனையோ செய்து எந்தப் பூசணத்துக்கு ஒவ்வாமை என்று அவர்கள் கண்டுசொல்வார்கள். அதற்கு முன் அவர்களுக்கு நாம் தரக்கூடிய துப்பு ஒன்று செட்டிநாட்டுக்காரர்களிடம் தாராளமாக உண்டு. ஆண்டு முழுதும் பூட்டிக் கிடந்த வீட்டைச் சாந்தி கல்யாணத்துக்கோ முன்னோர் படைப்புக்கோ திறக்கிறோம். உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், தனித்தனி அறை, தனித்தனிச் சாவி. திறந்த அன்று இரவே இருமல் தொடங்கி, ஊருக்குத் திரும்பிய இரண்டாம் நாள் அடங்குகிறதா? அதை அப்படியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விலை உயர்ந்த எந்தச் சோதனைக்கும் குறைந்த தகவல் இல்லை அது.

வீட்டைச் சோதிப்பதிலும் இதே குழப்பம். பூசணம் முளைக்கும் சிறு தட்டு ஒன்றைக் கொடுத்து, அதை வீட்டில் திறந்து வைத்து, மூடி அனுப்பினால் ஆய்வகத்தில் எண்ணிச் சொல்வோம் என்று விற்கிறார்கள். பூசண வித்து இல்லாத காற்றே கிடையாது. தட்டில் எதுவும் முளைக்காவிட்டால்தான் வியப்பு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கண்ணுக்குத் தெரியும் பூசணம் இருந்தால் பெரும்பாலும் மாதிரி எடுக்கத் தேவையில்லை என்கிறது. வீட்டுக் காற்றில் இத்தனைக்கு மேல் கூடாது என்று அந்த நாட்டிலேயே வரம்பு வகுக்கப்படவில்லை. கண்ணும் மூக்கும் போதும். பூட்டிய அறையைத் திறந்ததும் மக்கல் வாடை அடிக்கிறதா, பெட்டகத்தின் பின்பக்கம், பழைய பேரேடுகளின் அட்டை, சுருட்டி வைத்த பாய் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதுதான் சோதனை. கூடவே ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி மாட்டலாம். 60 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. 30 முதல் 50 வரை இன்னும் நல்லது. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது.

சுவரில் பூத்ததெல்லாம் பூசணமும் இல்லை. நம் ஊர்ச் சுவரில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பது பெரும்பாலும் உப்பு. தரையிலிருந்து ஓதம் ஏறும்போது கரைந்து வந்த உப்பு, நீர் காய்ந்தபின் மேலே தங்கிவிடுகிறது. விரலில் தண்ணீர் தொட்டு அதன்மேல் வையுங்கள். உப்பாக இருந்தால் முதலில் நெருநெருவென்று படிகம் தட்டுப்பட்டு, பிறகு கரைந்து காணாமல் போகும். பூசணம் கரையாது, பஞ்சு போல நசுங்கி இழுபடும். முற்றத்து ஓரத்திலும் வெளிச்சுவரிலும் பச்சையாக வழுக்குவது பாசி. பாசிக்கு வெளிச்சம் வேண்டும். பூசணம் இருட்டிலும் செழிக்கும். உப்பு, பாசி, பூசணம் என்று மூன்று சொல் மூன்று பொருளுக்குக் கையில் இருக்கும்போது மூன்றையும் 'கரும்பூஞ்சை' என்று ஒரே குப்பியில் அடைத்து அதற்கொரு பெயிண்டையும் விற்கிறார்கள்.

அந்தப் பெயிண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்து. கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தவை. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது, பூசணத்துக்கு உகந்ததில்லை. உள்ளே போன ஈரத்தையும் வெளியே விட்டுவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்ந்ததும் பொங்கலுக்கு வெள்ளையடித்தார்களே, அழகுக்கு மட்டுமா அடித்தார்கள்? அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷனைப் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். மறு மழையில் பெயிண்ட் உப்பிக் குமிழியிட்டு, அதன் அடியில் பூசணம் பூக்கும். பத்துச் சதுர அடிக்குக் குறைவான பூசணத்தை முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து நீங்களே எடுத்துவிடலாம். வறட்டுத் துடைப்பத்தால் தேய்த்தால் வித்து அறை முழுதும் பறக்கும். இளைப்பு உள்ளவர் அந்த அறைப்பக்கமே வரக்கூடாது.

மருத்துவச் செய்தியை மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு உள்ள குறை இதுதான். ஆங்கிலச் சொல்லுக்கு இணை தேடி அகராதியைப் புரட்டும் நேரத்தில் ஒரு முறை தங்கள் வீட்டு அடுக்களையில் கேட்டிருக்கலாம். 'அச்சு நோய்' வேண்டாம், பூசண ஒவ்வாமை என்று எழுதுங்கள். 'கரும்பூஞ்சை' என்பதை மியூகோர்மைகோசிஸ் பற்றி எழுதும்போதுகூட நோயின் பெயரைச் சேர்த்தே சொல்லுங்கள். மருத்துவர் சீட்டில் பூஞ்சை என்று இருந்தால் இருக்கட்டும். கொத்தனாரிடம் பூசணம் என்று சொல்லுங்கள். அவர் எந்த மருந்தையும் தேடாமல் கூரைமேல் ஏறி எந்த ஓடு உடைந்திருக்கிறது என்று பார்ப்பார்.