கால் வீக்கத்துக்கு ஆட்டுக்கால் சூப்பா?

கால் வீங்கினால் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வைத்தியம். காலுக்குக் கால். தண்டையார்பேட்டையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். கவுட், அதாவது யூரிக் ஆசிட் மூட்டுக்குள் படிந்து வரும் வீக்க நோய், என்று என்னிடம் அனுப்பப்படுகிறவர்களில் பலர் அந்த சூப்பைக் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு காலில் ஷூ இருக்கும், இன்னொரு கால் வெறுங்கால். கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, தோல் இழுத்துக் கட்டின மாதிரி பளபளக்கும். ராத்திரி போர்வை பட்டாலே உயிர் போகிறது என்பார்கள். "மூணு நாளா சூப்பு வச்சுக் குடுக்கறேன் மேடம், குறையவே மாட்டேங்குது" என்பார் கூட வந்த மனைவி. பருப்பையும் கீரையையும் அடியோடு நிறுத்திவிட்டேன் என்றும் சேர்த்துச் சொல்வார். இரண்டையும் அப்படியே மாற்றிப் போட்டிருக்க வேண்டும்.

நம் உடம்பின் செல்களிலும், நாம் சாப்பிடும் பொருள்களிலும் பியூரின் என்று ஒன்று இருக்கிறது. அது உடைந்து கடைசியில் யூரிக் ஆசிட் ஆகிறது. பெரும்பங்கை உடம்பே தயாரிக்கிறது. சாப்பாட்டிலிருந்து வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதி சிறுநீரகத்துடையது. 100 மில்லி ரத்தத்தில் 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது கரைந்து நிற்காது. பாகு ஆறும்போது கற்கண்டு படிகிற மாதிரி மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகிறது. உடம்பிலேயே குளிர்ச்சியான இடங்களில் ஒன்று கால் கட்டைவிரல். முதல் அடி பெரும்பாலும் அங்கேதான், அதுவும் நடுராத்திரியில்.

சூப்புக்கு வருவோம். பியூரின் தண்ணீரில் கரையும். கறியையும் எலும்பையும் மணிக்கணக்கில் வேகவிட்டால் அதில் ஒரு பகுதி சாற்றில் இறங்கிவிடும். சத்தெல்லாம் சாற்றில் இறங்கியிருக்கிறது என்று சொல்லிக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறோம்; கூடவே இதுவும் உள்ளே போகிறது. பாயாவுக்கும் இதே கதைதான். அதைவிட மோசம் ஈரல், மூளை, சுவரொட்டி எனும் மண்ணீரல். ரத்தம் ஊறும் என்று சுவரொட்டியைத் தேடி வாங்கிக் கொடுப்பார்கள். கவுட் உள்ளவருக்கு அது வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மூன்று நான்கு துண்டு கறி சாப்பிட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பருப்பு, கீரை, காளான், காலிஃபிளவர் இவற்றிலும் பியூரின் உண்டு. அதனால்தான் பழைய பட்டியல்களில் இவையும் ஏறிவிட்டன. ஆனால் அமெரிக்காவில் மருத்துவத் துறையில் வேலை பார்த்த 47 ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். கறியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கவுட் கூடுதலாக வந்தது. பியூரின் உள்ள காய்கறிகளைச் சாப்பிட்டவர்களுக்கு அப்படி எதுவும் கூடவில்லை. பால் பொருள்கள் அதிகம் சேர்த்தவர்களுக்கோ ஆபத்து குறைந்திருந்தது. ஆகவே சாம்பாரை நிறுத்தாதீர்கள். முருங்கைக்கீரையையும்தான். எலுமிச்சை, புளி புளிப்பதால் யூரிக் ஆசிட் ஏறிவிடும் என்பதும் வீண் பயம்.

காசிமேட்டுக்காரர்களிடம் பேசும்போதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டம். "இன்னா மேடம், மீனே துன்னக்கூடாதுன்னா நாங்க இன்னாத்த துன்றது?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. மீனை நிறுத்தச் சொல்வதில்லை, மீனை மாற்றச் சொல்கிறேன். நெத்திலி, கவலை, கானாங்கெளுத்தி ஆகியவற்றில் பியூரின் அதிகம். இறாலையும் வாரா வாரம் தொக்கு போட வேண்டாம். சங்கரா மாதிரி மீனில் உள்ளங்கையளவு துண்டு ஒன்று, வாரத்துக்கு இரண்டு முறை, போதும். துண்டைச் சாப்பிடுங்கள், குழம்பைக் குளமாக ஊற்றிக்கொள்ளாதீர்கள். காரணம் சூப்புக்குச் சொன்னதேதான். கருவாட்டில் தண்ணீர் வற்றிவிடுவதால் அதே எடையில் பியூரின் பல மடங்கு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளும் கருவாடுதான் கைகொடுக்கும், அது தெரிந்ததே. அந்த நாட்களில் முட்டை இருக்கிறது. முட்டையில் பியூரின் மிகக் குறைவு. ஆடி மாதக் கூழுக்கு முருங்கைக்கீரைப் பொரியலைத் தொட்டுக்கொள்ளலாம், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மட்டும் பக்கத்து இலைக்குப் போகட்டும்.

குடி விஷயம். "பீர்தானே மேடம், அது உடம்புக்குக் குளிர்ச்சி" என்பார்கள். கவுட்டைப் பொறுத்தவரை பீர்தான் முதல் எதிரி. எந்த மதுவாக இருந்தாலும் யூரிக் ஆசிட் சிறுநீரில் போவதைத் தடுக்கும். பீர் அதோடு நிற்காமல் தன் பங்குக்குப் பியூரினையும் கொண்டுவரும். குவார்ட்டருக்கு மாறிவிட்டேன் என்று சமாதானம் சொல்கிறவர்களும் தப்ப முடியாது. குடிக்காதவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் கூல்டிரிங்ஸ். பாட்டில் பானம், ரோஸ்மில்க், கரும்புச்சாறு, டப்பா ஜூஸ் எல்லாவற்றிலும் இருக்கும் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். ஈரல் அதை வேகவேகமாகக் கையாளும்போது யூரிக் ஆசிட் உற்பத்தியாகிறது. பழமாகச் சாப்பிட்டால் இவ்வளவு பிரச்சினை இல்லை.

எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் டிரைவர்கள், ஒன்றுக்குப் போக இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். வெயிலில் உடம்பு வற்றுவதே வலியைக் கிளப்பிவிடும். சிறுநீரகத்திலோ இதயத்திலோ கோளாறு இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு இரண்டரை மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும். மோர் அதைவிட நல்லது. பழைய சோறும் மோரும் எனக்குப் பிடித்த சிபாரிசு. காபி குடிக்கலாம், சர்க்கரையைக் குறைத்து. எடை கூடியிருந்தால் மெல்லக் குறையுங்கள். பட்டினி கிடந்து ஒரே வாரத்தில் குறைத்தால் அதுவே வலியைக் கிளப்பும்.

இவ்வளவும் செய்தால் எவ்வளவு குறையும்? ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். 9-ல் இருப்பவர் 8-க்கு வருவார், இலக்கோ 6-க்குக் கீழே. அதனால் அடிக்கடி வலி வருகிறவர்களுக்கு மருத்துவர் தரும் மாத்திரையை உணவால் ஈடுகட்ட முடியாது. யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களில் வலி திரும்பவும் வரலாம். படிந்தது கரைகிற நேரம் அது. "மாத்திரை ஒத்துக்கல" என்று தூக்கிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவே காட்டலாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பிபிக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். சில வகைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றும். நீங்களாக நிறுத்தக்கூடாது.

அப்புறம் ஒன்று. கவுட் வலிக்குத் தரும் கோல்சிசின் மருந்து நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டு யாரும் அந்தக் கிழங்கை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அது உயிரைக் குடிக்கிற விஷம். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் அது கவுட்டாக இல்லாமல் மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.