குதித்தால் எலும்புக்கு எப்படித் தெரியும்?

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார்: "அரசுப் பள்ளி. போன வருஷம் வாரத்துக்கு இரண்டு பிடி பீரியட் இருந்தது, இப்போது ஒன்றுதான், அதையும் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். படிப்புதானே முக்கியம், உடம்பைப் பிறகு ஜிம்முக்குப் போய்த் தேற்றிக்கொள்ள முடியாதா?"

தசையும் மூச்சும் தேறிவிடும், 25 வயதில் ஆரம்பித்தாலும் பரவாயில்லை. எலும்பு அப்படி விடாது. அதனால் இன்று எலும்பை மட்டும் பார்ப்போம்.

பிடி பீரியட் கடன் போவது நம் ஊரில் புதுசா என்ன. உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறையைப் பார்த்தபோது, அந்தப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடைக் கொடுங்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆளும் போதவில்லை. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்கள், அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கில் போராடி வந்ததுதான் மிச்சம்.

சரி, எலும்புக்கு வருவோம். அது உயிருள்ள பொருள், ஒரு வகைச் செல் அரித்து எடுக்கிறது, இன்னொரு வகை புதிதாகக் கட்டுகிறது, பள்ளியில் படித்ததுதான். சுமை விழும் இடத்தில் எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். எனக்கு ஆசையான கேள்வி அதற்கு அடுத்தது. சுமை விழுந்தது என்று எலும்புக்கு யார் சொல்கிறார்கள்?

சொல்வது ஆஸ்டியோசைட் என்ற செல். எலும்பைக் கட்டும் செல்களில் சில, தாங்கள் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து, அங்கேயே பல வருஷம் உயிரோடு இருக்கின்றன. நம் உடம்பில் இப்படிச் சுமார் 4,200 கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு குழிக்குள் உட்கார்ந்து, நாலாபுறமும் மெல்லிய கைகளை நீட்டி, பக்கத்துச் செல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கைகள் போகும் வழிகள் ஒரு மைக்ரோமீட்டர் அகலம்கூட இல்லாத கால்வாய்கள், கைக்கும் கால்வாய்ச் சுவருக்கும் நடுவில் நீர்.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. என்னதான் ஓடிக் குதித்தாலும் எலும்பு அமுங்குவது அதிகபட்சம் 0.3 சதவீதம் அளவுக்குத்தான். ஆய்வகத்தில் செல்லைத் தனியே எடுத்து அந்த அளவுக்கு இழுத்துப் பார்த்தால் அது கண்டுகொள்வதே இல்லை, பல மடங்கு இழுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு இழுத்தால் நிஜ எலும்பு முறிந்தே போகும். பிறகு எப்படி உணர்கிறது? 1994-ல் நியூயார்க்கில் வைன்பாம், கோவின் ஆகியோர் கொடுத்த விளக்கம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை. செல் கவனிப்பது நீரைத்தான் என்றார்கள். நீங்கள் குதித்துத் தரையில் இறங்கும் கணத்தில் எலும்பின் ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் விரிய, நனைந்த பஞ்சை அமுக்கியதுபோல் உள்ளேயிருக்கும் நீர் அந்தக் கால்வாய்களில் ஓடுகிறது. ஓடும் நீர் செல்லின் கைகளை உரசி இழுக்க, எலும்பு கொஞ்சமாக அமுங்கியது செல்லுக்குப் பெரிதாகப் போய்ச் சேருகிறது.

நீர் ஓட வேண்டுமென்றால் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து கிலோ புத்தகப் பையைச் சுமந்துகொண்டு பிரேயரில் அசையாமல் நின்றால் எலும்புக்கு அதனால் பெரிய பலன் இல்லை. பாண்டி ஆடினால் உண்டு.

சுமை வராதபோது ஆஸ்டியோசைட்டுகள் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை வெளியிடுகின்றன, அது "கட்டாதே" என்ற உத்தரவு. நீர் உரசியதும் அதன் உற்பத்தி குறைந்து, கட்டும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. பிறவியிலேயே இந்தப் புரதம் இல்லாதவர்கள் தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகானர் சமூகத்தில் சிலர் உண்டு, அவர்கள் எலும்பு லேசில் முறியாது, ஆனால் மண்டை எலும்பும் தடித்து நரம்புகளை நெருக்கிவிடும். அவர்களிடம் கற்றதை வைத்து உருவான ரோமோசோசுமாப் என்ற மருந்துக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஸ்கிளிரோஸ்டினைத் தடுக்கும் விலை உயர்ந்த ஊசி அது. ஸ்கிப்பிங் கயிறும் அதே கதவைத்தான் தட்டுகிறது!

இன்னொரு வேடிக்கை, எலும்புக்குச் சீக்கிரமே போதும் போதும் என்றாகிவிடும். 1984-ல் ரூபினும் லான்யனும் பறவையின் சிறகு எலும்பை எந்திரத்தால் அமுக்கிப் பார்த்தார்கள். நாளுக்கு 36 தடவை அமுக்கியபோது கிடைத்த பலனைவிட 1,800 தடவைக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. செல் மரத்துப்போகிறது, மறுபடி உணர்வு வரச் சில மணி நேரம் ஆகிறது. ஆக, எலும்புக்கு வேண்டியது கொஞ்சம் பலமான அதிர்வு, அடிக்கடி. தரையில் மோதாத நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு அவ்வளவு இல்லை.

"பிறகு தேற்றிக்கொள்ளலாமா" என்ற கேள்விக்கு இப்போது வரலாம். உயரம் வேகமாகக் கூடும் காலத்தை ஒட்டிய இரண்டு வருஷத்தில் மட்டும், வளர்ந்த ஒருவரின் எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அது 12 வயதை ஒட்டி, பையன்களுக்கு 14-ஐ ஒட்டி. ஃபின்லாந்தில் டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களின் இரு கைகளையும் 1995-ல் ஒப்பிட்டார்கள், ஆடும் கை, ஆடாத கை என்று ஒரே ஆளிடம் சோதனையும் ஒப்பீடும் கிடைத்துவிடுவது எவ்வளவு வசதி! பூப்படையும் முன்போ அதை ஒட்டியோ ஆட ஆரம்பித்தவர்களிடம் இரு கை எலும்புக்கும் இருந்த வித்தியாசம், பிந்தி ஆரம்பித்தவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. சிறு வயதில் எலும்பு வெளிப்பக்கமாகச் சுற்றளவில் பெருக்கிறது, வளைவைத் தாங்கும் வலு அதில்தான் கிடுகிடுவென ஏறும். இளமையில் பந்து வீசி, பிறகு விட்டுவிட்ட பேஸ்பால் வீரர்களின் மேற்கை எலும்பை 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் பார்த்தார்கள். கூடிய பருமனில் பாதியும், கூடிய வலுவில் மூன்றில் ஒரு பங்கும் முதுமைவரை நின்றிருந்தன.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பெண் வயசுக்கு வந்ததும் "குதிக்காதே, கருப்பை இறங்கிவிடும்" என்கிறோம். பள்ளிச் சிறுமி ஸ்கிப்பிங் ஆடியதால் கருப்பை இறங்காது. இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் பிரசவங்களும் வயதும்தான். ஆனால் எலும்பு வேகமாகச் சேரும் அதே மாதங்களில் இந்தத் தடை வந்து விழுகிறது. அப்புறம் ஐம்பது வயதுக்கு மேல் இடுப்பு முறிந்தால் கால்சியம் மாத்திரை வாங்கி ஓடுகிறோம். பள்ளியும் அதே வயதில் பிடி பீரியடைப் பிடுங்கினால் அந்தப் பெண் எங்கே போய்க் குதிப்பாள்?

இதற்கு ஆகும் செலவோ சொற்பம். அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் சிறுவர்களை 61 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து வாரம் மூன்று நாள், நாளுக்கு 100 தடவை, ஏழு மாதம் குதிக்க வைத்தார்கள், தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மற்றவர்களைவிட 4.5 சதவீதம் தாது கூடியது. கனடாவில் இன்னும் எளிமை: பள்ளி மணி அடிக்கும்போது 10 குதி, நாளுக்கு மூன்று முறை, அதற்கே இடுப்புப் பகுதி எலும்பு முன்னேறியது. இதே சோதனையை நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில், நம் சாப்பாட்டில், நம் வெயிலில் பெரிய அளவில் செய்துபார்க்க யாராவது பணம் ஒதுக்க மாட்டார்களா என்பது என் நீண்ட நாள் ஏக்கம், பெஞ்சுக்குச் செலவில்லை, எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கேனுக்குத்தான் பணம் வேண்டும்.

அதற்காக, மணிக்குப் பத்துக் குதி போதும் என்றால் பிடி சார் எதற்கு என்று கல்வித் துறை கணக்குப் போட்டுவிடக் கூடாது. முழங்காலை மடக்கி இறங்கச் சொல்லித்தர ஆள் வேண்டும், காலையில் சாப்பிடாமல் வந்து தலைசுற்றும் பிள்ளையைக் கண்டுபிடித்து உட்கார வைக்க ஆள் வேண்டும், ஓரமாக நிற்கும் எட்டாம் வகுப்புப் பெண்களைக் கோ-கோவுக்கு இழுத்துவர ஆள் வேண்டும், அதுவும் வாரத்தில் மூன்று அரை நாள் வந்துபோகிற ஆளாக இல்லாமல்.