சவுண்ட்பார் தானாக மாறுகிறதா? போர்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சவுண்ட்பாரில் சத்தம் நின்றுபோகிறது. அல்லது சத்தம் டிவியின் சொந்த ஸ்பீக்கருக்குத் தாவிவிடுகிறது. அல்லது செட்டாப் பாக்ஸில் செய்தி பார்க்கும்போது திரையே வேறு எச்டிஎம்ஐக்கு மாறி நிற்கிறது. டிவி, ஆடியோ சர்வீஸ் வேலையில் இருக்கும் எனக்கு இப்போது அதிகம் வரும் அழைப்புகள் இவைதான். பெரும்பாலான வீடுகளில் பழுதான பாகம் என்று ஒன்றும் இருப்பதில்லை. ஆனாலும் "எச்டிஎம்ஐ போர்டு (உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை) போயிடுச்சு" என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். நன்றாக இருந்த சவுண்ட்பாரை எக்ஸ்சேஞ்சில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, புதியதிலும் அதே தொல்லையோடு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. உழைத்துச் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்க மனம் கேட்கவில்லை.

போனில் யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சத்தம் போகிற அந்த நேரத்தில் சவுண்ட்பாரின் டிஸ்ப்ளேயில் என்ன காட்டுகிறது? "கவனிக்கலையே சார்" என்பார்கள். கவனியுங்கள். பாதி விடை அதில் இருக்கிறது. டிஸ்ப்ளே 'ப்ளூடூத்' என்றோ 'யுஎஸ்பி' என்றோ மாறியிருந்தால், சவுண்ட்பார் தன் இன்புட்டை விட்டு நகர்ந்திருக்கிறது. டிஸ்ப்ளே 'டிவி' என்றோ 'ஏஆர்சி' (டிவியின் சத்தம் எச்டிஎம்ஐ கேபிளில் சவுண்ட்பாருக்கு வரும் வழி) என்றோ அப்படியே இருந்து, சத்தம் மட்டும் டிவியிலிருந்து வந்தால், டிவிதான் தன் ஆடியோ அவுட்புட்டை மாற்றிக்கொண்டது. சத்தத்தோடு படமும் மாறினால், இவை இரண்டுமே இல்லை. டிவியில் செருகியிருக்கும் மூன்றாவது கருவி ஒன்று புகுந்திருக்கிறது. டிஸ்ப்ளே இல்லாமல் வெறும் எல்இடி மட்டும் உள்ள மாடல் என்றால், எந்த நிறம் எந்த இன்புட் என்று மேனுவலில் போட்டிருக்கும்.

ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் சொன்னார்: "தம்பி, சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் கேக்குது. ஏழரை மணி நாடகம் ஆரம்பிச்சா போதும், ஊமையாயிடுது." போர்டு மாற்ற வேண்டும் என்று முன்பு வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த நேரத்துக்கே போய் உட்கார்ந்தேன். வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது. பேரன் ஆபீஸிலிருந்து வந்துவிட்டான். அவன் ஹாலைத் தாண்டி மாடிப்படி ஏறுவதற்குள் சவுண்ட்பார் டிஸ்ப்ளே 'ப்ளூடூத்' என்று மாறியது. நாடகம் நின்று, அவன் போனுக்கு வந்த வாட்ஸ்அப் மெசேஜின் 'டிங்' சவுண்ட்பாரில் கேட்டது. எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்க அவன் போனை இணைத்திருக்கிறான். அன்றிலிருந்து போன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. அவன் போனின் ப்ளூடூத் பட்டியலில் சவுண்ட்பாரை 'ஃபர்கெட்' கொடுத்ததோடு வேலை முடிந்தது. போனில் பாட்டும் வேண்டும் என்பவர்கள், சவுண்ட்பாரின் ஆப்பில் 'ப்ளூடூத் ஸ்டாண்ட்பை', 'ஆட்டோ இன்புட்' போன்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து அதை ஆஃப் செய்யலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுப் போன்கூட இப்படி வந்து ஒட்டும். விருந்துக்கு வந்தபோது ஒருமுறை இணைத்திருந்தால் போதும்.

இனி எச்டிஎம்ஐ. தொல்லையின் பெரும்பகுதி இங்கேதான்.

எச்டிஎம்ஐ கேபிளுக்குள் படமும் சத்தமும் மட்டும் போவதில்லை. அதன் 19 பின்களில் 13-வது பின் வழியாகக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்புகின்றன. 'நான் ஆன் ஆகிவிட்டேன், திரையை எனக்குக் கொடு', 'எல்லோரும் ஆஃப் ஆகுங்கள்', 'சத்தத்தை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பவை அந்தக் கட்டளைகள். இதற்கு சிஇசி என்று பெயர். ஆனால் டிவி மெனுவில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈஸிலிங்க் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான்.

டிவியின் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் இந்த 13-வது பின் பொதுவான ஒரே கம்பி. எச்டிஎம்ஐ 1-ல் செருகிய ஃபயர் ஸ்டிக் பேசுவது, எச்டிஎம்ஐ 3-ல் இருக்கும் சவுண்ட்பாருக்கும் கேட்கும். ஒவ்வொரு கருவிக்கும் அந்தக் கம்பியில் ஓர் எண் உண்டு: டிவிக்கு 0, ஆடியோ கருவிக்கு 5. ஆடியோவுக்கு அந்த ஒரே இடம்தான். பழைய ஹோம் தியேட்டர் ரிசீவரையும் புதிய சவுண்ட்பாரையும் சேர்த்து மாட்டினால் இரண்டும் அந்த இடத்துக்கு மோதும். ஒரு கருவியின் சிஇசி பகுதி கெட்டுக் கம்பியை இழுத்துப் பிடித்தால் மற்ற எல்லாமே தடுமாறும், அந்தக் கருவி ஆஃபில் இருந்தாலும்கூட. ஆகவே சோதிக்கும்போது ஆஃப் செய்தால் போதாது. கரன்ட்டை அணைத்துவிட்டு, சந்தேகப்படும் கருவியின் எச்டிஎம்ஐ கேபிளையே உருவ வேண்டும். எல்லாவற்றையும் உருவிவிட்டு டிவியும் சவுண்ட்பாரும் மட்டும் ஒரு நாள் ஓடட்டும். சரியாக ஓடினால், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகியதும் பழைய தொல்லை திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி.

திரை தானாகத் தாவும் வீடுகளில் இந்தக் குற்றவாளி அநேகமாக ஃபயர் ஸ்டிக், கேம் கன்சோல், ஆண்ட்ராய்டு செட்டாப் பாக்ஸ், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். தூக்கத்திலிருந்து விழிக்கும்போது 'திரை எனக்கு' என்று கட்டளை போடுவது அவற்றின் இயல்பான வேலை, பழுதல்ல. ஃபயர் ஸ்டிக்கில் செட்டிங்ஸுக்குள் டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ் பகுதியில் எச்டிஎம்ஐ சிஇசி கன்ட்ரோல் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-ல் சிஸ்டம் செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ என்ற பகுதிக்குள் டிவைஸ் லிங்க் என்று இருக்கும். அந்தக் கருவியில் மட்டும் இதை அணைத்துவிடுங்கள். டிவியில் சிஇசியை மொத்தமாக அணைத்தால் பல மாடல்களில் ஏஆர்சியும் சேர்ந்து போய், சவுண்ட்பார் ஊமையாகிவிடும். 'யூடியூப் பார்த்து எல்லாத்தையும் ஆஃப் பண்ணேன், இப்ப சுத்தமா சத்தமே இல்ல' என்று வரும் அழைப்புகளுக்குக் காரணம் இதுதான்.

ஏஆர்சி என்பது டிவியிலிருந்து சத்தத்தை அதே எச்டிஎம்ஐ கேபிள் வழியாகத் திருப்பி சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி. 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-ஓடு வந்தது. அதன் மேம்பட்ட வடிவமான இ-ஏஆர்சி 2017-ல் எச்டிஎம்ஐ 2.1-ல் சேர்ந்தது. டிவியில் எல்லா போர்ட்டிலும் ஏஆர்சி இருக்காது. ஏதோ ஒன்றின் பக்கத்தில் மட்டும் 'ஏஆர்சி' அல்லது 'இ-ஏஆர்சி' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். சவுண்ட்பாரின் பின்புறம் இரண்டு எச்டிஎம்ஐ இருந்தால், டிவிக்குப் போக வேண்டியது 'அவுட்' என்று போட்ட போர்ட். 'டிவிக்குள்ளிருந்து சத்தம் வருது, அதனால சவுண்ட்பார்ல இன்னில்தானே செருகணும்' என்று நினைத்து 'இன்'னில் செருகியிருப்பார்கள். யோசனையில் தவறில்லை, பெயர் வைத்த விதம் அப்படி. படம் சவுண்ட்பாரிலிருந்து டிவிக்குப் போகும் திசையை வைத்து அதற்கு 'அவுட்' என்று பெயர். சத்தம் மட்டும் எதிர்த்திசையில் வருகிறது.

கரன்ட் போய் வந்த பிறகு சத்தம் டிவி ஸ்பீக்கருக்கே போய்விடுவது நம் ஊர்களில் சாதாரணம். கரன்ட் வந்ததும் டிவி விழித்து, ஆடியோ கருவி இருக்கிறதா என்று கம்பியில் கேட்கிறது. சவுண்ட்பார் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றால் பதில் வராது. டிவி தன் ஸ்பீக்கரையே எடுத்துக்கொள்கிறது. சில மாடல்கள் பிறகு திரும்பக் கேட்பதே இல்லை. இதற்கு ரிமோட்டில் ஆஃப்-ஆன் செய்வது உதவாது, அது வெறும் ஸ்டாண்ட்பை. டிவி, சவுண்ட்பார் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுங்கள். அவற்றுக்கு இடையே உள்ள எச்டிஎம்ஐ கேபிளையும் கழற்றுங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். கேபிளை மாட்டி, முதலில் சவுண்ட்பாருக்குக் கரன்ட் கொடுத்து, அதன் டிஸ்ப்ளே நிலைத்த பிறகு டிவியை ஆன் செய்யுங்கள். பிறகு டிவியின் சவுண்ட் மெனுவில் ஆடியோ அவுட்புட் எதில் இருக்கிறது என்று பாருங்கள். சிஇசி ஆனில் இருந்தாலும் இந்த அவுட்புட் 'டிவி ஸ்பீக்கர்' என்றே நிற்கலாம்; இரண்டும் தனித்தனி செட்டிங்.

"படம் தெளிவா வருதே, அப்ப கேபிள் நல்லாத்தானே சார் இருக்கு?" என்று கேட்பார்கள். ஏஆர்சிக்குத் தேவையான 14-வது பின்னுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை. செட்டாப் பாக்ஸோடு இலவசமாக வந்த பழைய கேபிள் சிலவற்றில் அந்தப் பின்னுக்குக் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். படம் கண்ணாடி மாதிரி வரும், ஏஆர்சி மட்டும் வராது, அல்லது விட்டுவிட்டு வரும். போர்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு நல்ல கேபிளை மாற்றிப் பார்க்காத டெக்னீஷியனை நம்பாதீர்கள்.

இன்னொரு வகை, பார்க்க இன்புட் கோளாறு போலவே இருக்கும், ஆனால் அது அல்ல. யூடியூபில் சத்தம் வரும்; ஒரு ஓடிடி ஆப்பிலோ பென்டிரைவ் படத்திலோ வராது. டிஸ்ப்ளே 'ஏஆர்சி' என்று சரியாகவே நிற்கும். இங்கே ஒலியின் ஃபார்மட்டைப் பாருங்கள். டிவி டால்பி ஒலியை அப்படியே அனுப்ப, சவுண்ட்பாருக்கு அதைப் பிரிக்கத் தெரியாவிட்டால் அமைதிதான். டிவியின் டிஜிட்டல் ஆடியோ செட்டிங்கை 'பிசிஎம்' (டிவியே பிரித்து அனுப்பும் சாதாரண ஒலி) என்று மாற்றிப் பாருங்கள். சத்தம் வந்துவிட்டால் ஒயரிலும் போர்ட்டிலும் குறையில்லை. பென்டிரைவில் டிடிஎஸ் (டால்பி போல இன்னொரு ஃபார்மட்) ஒலி உள்ள படங்களுக்கு இதுவும் உதவாமல் போகலாம். 2018-க்குப் பிந்தைய சாம்சங் டிவிகள் போலப் பல டிவிகளில் டிடிஎஸ்ஸுக்கு ஆதரவே கிடையாது. அதற்கு எந்த ரிப்பேரும் தீர்வாகாது.

வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்து, சவுண்ட்பார் 2.1 வகை (இடது, வலது ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும்) என்றால், நான் ஏஆர்சியோடு மல்லுக்கட்டுவதே இல்லை. ஆப்டிகல் கேபிள் போட்டுவிடுவேன். அதில் சத்தம் மட்டும்தான் போகும், கட்டளை எதுவும் போகாது. அந்தக் கேபிள் வழியாக எந்தக் கருவியும் குறுக்கே வர முடியாது. டிவியில் ஆடியோ அவுட்புட்டை 'ஆப்டிகல்' என்று மாற்றி, சவுண்ட்பாரை அந்த இன்புட்டில் நிறுத்திவிட்டால் அப்படியே நிற்கும். டால்பி அட்மாஸ் (மேலிருந்தும் சத்தம் வருவதுபோலக் கேட்கும் ஒலி) இதில் வராது, 2.1 பாருக்கு அது இழப்பே அல்ல. வால்யூமுக்கு சவுண்ட்பார் ரிமோட்டைத் தனியாக எடுக்க வேண்டும் என்பது ஒரு சிரமம்தான், ஆனால் பல மாடல்கள் டிவி ரிமோட்டின் வால்யூம் பட்டனைக் கற்றுக்கொள்ளும். புது ஆப்டிகல் கேபிளின் இரு முனையிலும் நிறமற்ற சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமலே அழுத்திச் செருகி, டிவியின் போர்ட்டை உடைத்த வீடுகள் உண்டு. டிவியில் செருகிய பின் மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் இணைப்பு சரி.

எச்டிஎம்ஐ போர்ட் உண்மையிலேயே சாகும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இறங்கும்போது டிஷ் ஆன்டெனா ஒயர் வழியாகவோ கேபிள் டிவி ஒயர் வழியாகவோ வரும் மின்வீச்சு, செட்டாப் பாக்ஸைத் தாண்டி எச்டிஎம்ஐக்குள் போய்விடுகிறது. ஸ்பைக் பஸ்டர் சுவர் பிளக்கை மட்டுமே காக்கும். ஆன்டெனா ஒயர் வழியாக வருவதை அது தடுக்காது. இடி தொடங்குவதற்கு முன்பே அந்த ஒயரைக் கழற்றிவைப்பதுதான் நல்ல வழி. இரண்டாவது காரணம் எர்த். டிவி ஒரு அறைச் சுவரில், சவுண்ட்பார் வேறொரு எக்ஸ்டென்ஷனில், எர்த் இல்லாத டூ-பின் சாக்கெட்டில் என்று இருந்தால் கசியும் மின்சாரம் கேபிளின் உறை வழியாகப் பாயும். எச்டிஎம்ஐயின் உலோகப் பகுதியைத் தொட்டால் 'சுரீர்' என்கிறது என்று யாராவது சொன்னால், நான் டிவியைத் தொடுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்கிறேன். எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே ஸ்பைக் பஸ்டரில் போடுங்கள். கரன்ட் இருக்கும்போது எச்டிஎம்ஐயைப் பிடுங்கிச் செருகாதீர்கள்.

யாராவது போர்டு போய்விட்டது என்று சொன்னால் அவர் முன்னாலேயே இவற்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்: அதே ஏஆர்சி போர்ட்டில் செட்டாப் பாக்ஸைச் செருகினால் படம் வருகிறதா, வேறு கேபிளில் என்ன ஆகிறது, சவுண்ட்பார் ஆப்டிகலிலும் ப்ளூடூத்திலும் பாடுகிறதா, வேறொரு டிவியில் அதே பாரின் ஏஆர்சி வேலை செய்கிறதா. இதையெல்லாம் செய்ய அரை மணி நேரம் போதும். மாற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பில்லும் வாங்குங்கள். வாரண்டி காலத்தில் அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

கம்பெனி ஆள் வரும் நேரத்தில் கோளாறு வராது, அதுவும் வழக்கம். தொல்லை வரும்போது டிவித் திரையும் சவுண்ட்பார் டிஸ்ப்ளேயும் ஒரே ஃபிரேமில் தெரியும்படி போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொன்னால், அதற்கு முன் சவுண்ட் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை பாஸ்வேர்டும் ஓடிடி லாகின்களும் கையில் இருக்கட்டும். ரீசெட்டுக்குப் பிறகு முதலில் சாஃப்ட்வேர் அப்டேட்டை டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் முடித்துவிட்டு, பிறகு மற்றக் கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள்.