பிரேக் ஷூ பளபளக்கக் கூடாது

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கிறவர்களுக்குப் பளபளப்பின் மேல் ஒரு மயக்கம் உண்டு. டேங்க், சைலன்சர், ஸ்போக்ஸ் என எதிலும் முகம் தெரிய வேண்டும். சரி, தேய்க்கட்டும். ஆனால் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம்மைத் திறக்கும்போது, அதன் உள்பக்கத்தில் அழுந்தி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூவும் கண்ணாடி மாதிரி மின்னினால் சந்தோஷப்படாதீர்கள்.

ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங், இழைகளையும் தூளையும் பிசினால் பிணைத்துச் செய்தது. பிரேக் பிடித்தால் வண்டியின் வேகம் வெப்பமாக மாறும். சூடு அளவு மீறினால் பிசின் இளகி மேலே வந்து, வழவழப்பான தோலாக இறுகிவிடும். தடிமன் அப்படியே இருக்க, உராய்வு மட்டும் குறைந்திருக்கும்.

உராய்வு கொஞ்சம் குறைந்தால் பிரேக்கும் கொஞ்சம்தானே குறையும்? அங்கேதான் சிக்கல். ஷூக்களை விரிக்கும் கேம் ஒன்றே உள்ள டிரம்மில் இரண்டு ஷூக்களில் ஒன்றை, சுழலும் டிரம்மே இழுத்துத் தன்மேல் இன்னும் அழுத்திக்கொள்ளும். உராய்வு அழுத்தத்தைக் கூட்ட, அழுத்தம் மறுபடி உராய்வைக் கூட்டும். மற்ற ஷூவை அதே சுழற்சி விலக்கித் தள்ளுவதால், பெரும்பங்கு வேலை முதல் ஷூவினுடையது. வழவழப்பு வந்துவிட்டால் அந்த உதவியும் சேர்ந்து குறைந்துவிடும். லீவரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க யோசிக்கும்.

சுத்தம் செய்யும்முன் ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். காற்றடித்து ஊதவே கூடாது. முகமூடி போட்டு, ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள். கல்நார் என்ற சந்தேகம் இருந்தால் உப்புத்தாள் போடாமல் ஷூவையே மாற்றுங்கள். கல்நார் இல்லாத லைனிங் என்றால் மேல்தோலை லேசாகத் தேய்த்தெடுத்தால் போதும்.

எண்ணெய் ஊறிய லைனிங்கோடு மல்லுக்கட்டாதீர்கள். அதில் நுண்துளைகள் உண்டு. மேலே துடைத்தாலும் சூடானதும் உள்ளிருப்பது கசியும். கசிந்த ஆயில் சீலை (எண்ணெயைத் தடுக்கும் வளையத்தை) முதலில் மாற்றாவிட்டால் புது ஷூவுக்கும் அதே கதிதான். டிரம்மை மண்ணெண்ணெயில் கழுவுவதும் வீண். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். பிரேக் கிளீனர் முழுவதும் ஆவியாகிவிடும்.

கேமுக்கு வெப்பம் தாங்கும் கிரீஸ், பெயருக்கு ஒரு தடவல். அப்புறம் சக்கர அச்சின் நட்டைத் தளர்வாக விட்டு, சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறுக்குங்கள். ஷூக்கள் டிரம்மின் நடுவில் அமரும்.

சில நாள் நிதானமாக ஓட்டிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். லைனிங்கின் நடுவில் மட்டும் உரசல் தெரிந்தால் வளைவு இன்னும் பொருந்தவில்லை. ஓரம் முதல் ஓரம் வரை ஒரே மங்கல் என்றால் மூடிவிடலாம்.