டைவர்ஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

சாலையில் பள்ளம் தோண்டிவிட்டு, 'மாற்றுப்பாதையில் செல்லவும்' என்று பலகை நட்டிருப்பார்கள். டைவர்ஷன் என்ற சொல் நம்மில் பலருக்கு அறிமுகமானது அங்கேதான். சிறார் நீதியில் இதன் பொருளும் அதிலிருந்து ரொம்ப விலகிவிடவில்லை. தப்புச் செய்த பிள்ளையை வழக்கு, விசாரணை என்று இழுக்காமல், குடும்பமும் ஊரும் சேர்ந்து திருத்தும் வழிக்கு அனுப்புவதே டைவர்ஷன்.

வேர் லத்தீன்: 'டிவெர்ட்டெரே', அதாவது விலக்கித் திருப்புவது. சிறார் நீதிக்கான ஐ.நா.வின் பெய்ஜிங் விதிகளில் (1985) 11ஆவது விதியின் தலைப்பே இந்தச் சொல்தான். இந்தியாவின் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும் 3ஆவது பிரிவில் இதை ஒரு கொள்கையாகச் சேர்த்திருக்கிறது.

நடைமுறையில் எப்படி இருக்கும்? நியூசிலாந்தில் 1989 சட்டப்படி நடக்கும் குடும்பக் கூட்டத்தைப் பாருங்கள். கடையில் செல்போனைத் தூக்கிய பையன், அப்பா அம்மா, பாட்டி, மாமா, போலீஸ்காரர், பொருளைப் பறிகொடுத்த கடைக்காரர் எல்லாரும் ஒரே அறையில் உட்காருவார்கள். கடைக்காரர் தன் ஆதங்கத்தை நேரிலேயே சொல்லலாம். அப்புறம் மற்றவர்கள் எழுந்து வெளியே போய்விட, குடும்பம் மட்டும் தனியாகப் பேசும். மன்னிப்பா, நஷ்ட ஈடா, சில வாரம் வேலை செய்து கொடுப்பதா என்று திட்டம் போடுவது அவர்கள்தான். அந்தக் கதவு சாத்தப்படும் நேரம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

நம் நாட்டில் அவ்வளவு தூரம் வரவில்லை. அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததோ தவிர மற்றவற்றுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிவு, கூடவே பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கை. ஆனாலும் சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போயாக வேண்டும். குழுமம் அறிவுரை சொல்லியோ, சமூக சேவை செய்யச் சொல்லியோ வீட்டுக்கு அனுப்பலாம். ஸ்டேஷனுக்கு ஓடும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, அங்கே சிறார் விவகாரங்களைக் கவனிக்கும் குழந்தை நல காவல் அலுவலரை; அடுத்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை.

சரி, தமிழ்ச் சொல்? 'திசைதிருப்பல்' வேண்டாம், பேச்சை மழுப்புகிறவரைத்தான் அது நினைவூட்டும். 'பஞ்சாயத்து' என்றால் முன்னால் 'கட்ட' தானாக ஒட்டிக்கொள்ளும். இங்கே மிரட்டலுக்கு இடமில்லை: பிள்ளையோ பெற்றோரோ சம்மதிக்காமல் சமூக சேவைக்கு அனுப்பக் கூடாது என்கின்றன பெய்ஜிங் விதிகள். 'ஆற்றுப்படுத்தல்' அழகான சொல். ஆறு என்றால் வழி. பரிசு பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொன்னதே ஆற்றுப்படை. ஆனால் அதை உளவியல் ஆலோசனைக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள்.

என் தேர்வு 'மாற்றுவழிப்படுத்தல்'. சாலைப் பலகையின் 'மாற்று' இதில் இருக்கிறது, நல்வழிப்படுத்துவதும் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். பேச்சில் 'பையனை மாற்றுவழியில் விட்டிருக்கிறார்கள்' என்றால் போதும், பாட்டிக்கும் புரியும்.