கால் போகாத இடத்துக்கு ஒரு லென்ஸ்

சிறுநீல மீன்கொத்தி, அலகிலிருந்து வால்வரை அளந்தாலும் 16 செ.மீ. தேறினால் அதிகம். குளத்தங்கரையில் 20 மீட்டர் தள்ளி அது உட்கார்ந்திருக்கிறது, கையில் 400 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் அது எவ்வளவு பெரிதாக விழும்? பறவையின் அளவைக் குவியத்தூரத்தால் (லென்ஸின் அந்த 400 மி.மீ.தான்) பெருக்கி, நடுவில் உள்ள தூரத்தால் வகுத்தால் போதும்: 3.2 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் என்னும் பெரிய வகை சென்சாரின் அகலமோ 36 மி.மீ. பதினொன்றில் ஒரு பங்குதான்!

சரி, 600 மாட்டினால்? 4.8 மி.மீ. ஆனால் அதே 400-ஐ வைத்துக்கொண்டு, தவழ்ந்தாவது 10 மீட்டருக்குள் போய்விட்டால் 6.4 மி.மீ. பேன்ட்தான் கொஞ்சம் சேறாகும்.

வேடந்தாங்கலில் இந்தப் பாச்சா பலிக்காது. நாரைகள் கூடு கட்டும் மரங்கள் ஏரித் தண்ணீருக்குள் நிற்கின்றன, நாமோ கரையில். அங்கே நீள லென்ஸ் வேண்டும்தான். அப்படி வாடகைக்கு ஒரு 600 எடுத்துப் போய், உச்சி வெயில்வரை சுட்டுத் தள்ளினேன். ட்ரைபாட் இருந்தது, ஷட்டர் வேகம் 1/2000 நொடி. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் நாரையின் அலகு ஓரமே நெளிந்திருக்கிறது. லென்ஸைத்தான் முதலில் திட்டினேன். அதே கார்டில் காலை ஏழு மணிப் படங்கள் கத்தி போல இருந்த பிறகுதான் உறைத்தது: கோளாறு காற்றில். வெயிலில் சூடேறிய காற்றும் அதோடு கலக்கும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. தார் ரோட்டில் கானல் ஆடுவது இப்படித்தான். லென்ஸ் பறவையோடு இந்த ஆட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. கை நடுக்கத்தையும்தான்.

அப்போ காலையிலேயே எடுக்கலாமே என்றால், வெளிச்சம் குறைவு. 600 மி.மீ. எஃப்/4 லென்ஸுக்கு, 600-ஐ நாலால் வகுத்தபடி, ஒளி நுழையும் வாய் 15 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். அதனால்தான் எடை மூன்று கிலோவைத் தொடுகிறது, விலை பல லட்சம். கைக்கடக்கமான எஃப்/6.3 லென்ஸ் அதில் ஐந்தில் இரண்டு பங்கு ஒளியைத்தான் வாங்கும். ஐஎஸ்ஓ-வை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன் அமைப்பை, ஏற்றியே தீர வேண்டும், படத்தில் புள்ளி தட்டும்.

நீள லென்ஸ் வாங்குமுன் உங்கள் பழைய படங்களைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை ஜூமின் கடைசி முனையில் எடுத்தவையா? அதற்கு மேலும் பாதிக்குப் பாதி வெட்டியிருக்கிறீர்களா? அந்த இடங்களில் இன்னும் பத்தடி நடந்திருக்க முடியாதா? முடியாது என்ற பதில் அடிக்கடி வந்தால் வாங்கலாம். எனக்கு வருஷத்தில் நாலைந்து நாள்தான் வருகிறது. அடுத்த சீசனுக்கும் வாடகைதான், ஒன்பது மணிக்கு மேல் லென்ஸைப் பையில் வைத்துவிட்டுப் புளிச்சோற்றைப் பிரித்துவிடுவேன்.